மஞ்சள் சட்டைக்குப் பின்னால் ஒரு கைத்தடி

(‘விளையாட்டில் அரசியல் கலக்கலாமா?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் ஒலிவாங்கியை மற்றவர்களிடம் நீட்டுவதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன் பேசிய இருவரும் விளையாட்டில் அரசியல் கலக்கவே கூடாது என்று அழகாக வாதாடினார்கள். கைத்தட்டலும் கிடைத்தது. நான் கொஞ்சம் வேறு வழியில் வருகிறேன். கலக்கலாமா கூடாதா என்று நாம் கேட்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கலந்துவிட்ட ஒரு கதையைச் சொல்லப் போகிறேன்.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு லங்காவி சைக்கிளோட்டப் பந்தயம் தொடங்கியபோது அதற்கு ‘லெ டூர் டி லங்காவி’ என்று பெயர் வைத்தார்கள். லங்காவிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன சம்பந்தம்? சைக்கிளோட்டம் என்றாலே ‘டூர் டி பிரான்ஸ்’தான் என்று உலகம் ஏற்றுக்கொண்டதால் வந்த பெயர் அது. ஜூலை மாதம் பிறந்தால் பிரான்சின் மலைச் சாலைகளில் மஞ்சள் சட்டை அணிந்து முன்னணியில் செல்லும் வீரரைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்தச் சட்டை ஏன் மஞ்சள்? அதைத் தேடிப் போனால் ஒரு பிரபு வருகிறார், ஒரு குதிரைப் பந்தயத் திடல் வருகிறது, ஒரு கைத்தடி வருகிறது, சிறையில் கிடந்த ஒரு யூத அதிகாரி வருகிறார். கடைசியில் என் தொழிலும் வருகிறது. அதனால்தான் இதைப் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பொம்மைக் கடையில் தொடங்கிய தொழில்

அந்தப் பிரபுவின் பெயர் ஜூல் அல்பேர் டி டியோன். 1856ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி, மேற்குப் பிரான்சில் நாந்த் நகருக்குப் பக்கத்தில் கார்க்ஃபூ என்னும் ஊரில் பிறந்தார். பழம்பெரும் பிரபுக் குடும்பம். இளவயதில் அவருக்கு வேலை என்று எதுவும் இல்லை. சூதாட்டம், விருந்து, அவமானப்படுத்தியவரை வாள்சண்டைக்கு அழைப்பது, இவைதாம் அன்றைய பாரிஸ் பிரபுக்களின் பொழுதுபோக்கு. டி டியோன் இவை எல்லாவற்றிலும் பெயர் எடுத்தவர். நல்ல உயரம், பெரிய மீசை, எளிதில் கொதிக்கும் இரத்தம்.

1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரக் கடை ஒன்றில் ஒரு பொம்மை நீராவி எந்திரத்தைப் பார்த்தார். அவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு. இதைச் செய்தவர் யார் என்று விசாரித்தார். ஜார்ஜ் பூட்டோன் என்பவரும் அவருடைய மைத்துனர் ட்ரெபார்டூவும் ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, பொம்மை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டி டியோன் அவர்களைத் தேடிப் போய், ‘இதே எந்திரத்தைப் பெரிதாகச் செய்யுங்கள், சாலையில் ஓடவேண்டும், பணம் நான் தருகிறேன்’ என்ற பொருளில் பேசி இருவரையும் தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

மகன் சூதாடினான், பொறுத்துக்கொண்டார் தந்தை. மகன் பட்டறையில் காசைக் கொட்டுகிறான் என்று தெரிந்ததும், குடும்பச் சொத்தை அழிக்கிறான் என்று நீதிமன்றத்துக்கே போனார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளிலும் இப்படித்தானே. பிள்ளை ஊர்சுற்றினால் ‘வயசு’ என்பார்கள்; பிள்ளை சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்றால் வீடே இழவு வீடாகிவிடும்.

1884இல் இவர்கள் உருவாக்கிய நான்கு பேர் உட்காரும் நீராவி வண்டிக்கு டி டியோன் தம் தாயாரை நினைத்து ‘லா மார்க்கீஸ்’ என்று பெயரிட்டார். அந்த வண்டி இன்னும் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 46 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போனது.

இவர் விளையாட்டு வீரரா என்று கேட்பீர்கள். 1887ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸில் ஒரு சைக்கிள் பத்திரிகை, எந்திர வண்டிகளுக்குப் பந்தயம் ஒன்றை அறிவித்தது. மொத்தத் தூரம் இரண்டே கிலோமீட்டர். பந்தயத்துக்கு வந்து சேர்ந்தது டி டியோன் வண்டி ஒன்றுதான். போட்டியாளரே இல்லாமல் ஓடி ஜெயித்தார்! உலகின் முதல் மோட்டார் பந்தயம் என்று சிலர் அதைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் ஓடுவதைப் பந்தயம் என்று சொல்லலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் 1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி நடந்தது உண்மையான போட்டி. பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை 126 கிலோமீட்டர். ‘லெ பெத்தி ஜூர்னல்’ என்னும் நாளிதழ் நடத்தியது. 21 வண்டிகள் புறப்பட்டன. ரூவானுக்கு முதலில் வந்து சேர்ந்தவர் டி டியோன். 6 மணி 48 நிமிடம். ஆனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன்? வண்டி பாதுகாப்பாக இருக்கவேண்டும், எளிதாக ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும், செலவு குறைவாக இருக்கவேண்டும் என்பது விதி. டி டியோனின் நீராவி வண்டிக்குக் கரி அள்ளிப் போட ஓர் ஆள் கூடவே உட்காரவேண்டும். ஆகவே முதல் பரிசைப் பெட்ரோலில் ஓடிய பெஜோ, பனார் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் போட்டியை முன்னின்று நடத்திய பத்திரிகையாளரின் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியேர் ஜிஃபார்.

டி டியோன் பாடம் கற்றுக்கொண்டார். நீராவியை விட மனமில்லாத ட்ரெபார்டூ 1894இல் கோபித்துக்கொண்டு விலகிப் போனார். டி டியோனும் பூட்டோனும் பெட்ரோல் எந்திரத்துக்கு மாறினார்கள். 1895இல் அவர்கள் கொண்டுவந்த ஒற்றைச் சிலிண்டர் எந்திரம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழன்றது; அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத வேகம். சிறியது, கனமில்லாதது, மலிவானது. ஊரில் உள்ள சிறு பட்டறைக்காரர்கள் எல்லாம் அதை வாங்கித் தங்கள் வண்டிகளில் பொருத்தினார்கள். 1898இல் லூயி ரெனோ என்ற இளைஞர் தம் முதல் காரைச் செய்தபோது அதற்குள் இருந்ததும் டி டியோன் எந்திரம்தான். ஆம், இன்று நம் சாலைகளில் ஓடும் அதே ரெனோ. 1900ஆம் ஆண்டு வாக்கில் டி டியோன் பூட்டோன், உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று.

1895இல் பிரெஞ்சு மோட்டார் வாகன மன்றத்தைத் தொடங்கியவர்களிலும் இவர் ஒருவர். அந்த மன்றத்தின் முதல் தலைவர் ஸூய்லென் என்னும் பிரபு. அவருடைய மனைவி புகழ்பெற்ற யூதக் குடும்பமான ராத்ஸ்சைல்டு குடும்பத்துப் பெண். இதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த சில நிமிடங்களில் புரியும். மனிதர்களை ஒரே வண்ணத்தில் தீட்ட முடியாது.

ஓத்தை திடலில் நடந்தது

இப்போது அரசியலுக்கு வருவோம். 1894ஆம் ஆண்டு பிரெஞ்சு இராணுவத்தில் ஆல்பிரெட் டிரைஃபஸ் என்னும் அதிகாரி கைது செய்யப்பட்டார். ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை விற்றார் என்று குற்றச்சாட்டு. டிரைஃபஸ் யூதர். ஆதாரம் என்று காட்டப்பட்டது ஒரு கடிதத்தின் கையெழுத்து ஒற்றுமை. மூடிய அறைக்குள் விசாரணை. ஆயுள் தண்டனை. 1895ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி பாரிஸ் இராணுவப் பள்ளி முற்றத்தில், எல்லாரும் பார்க்க, அவருடைய சட்டையிலிருந்த பட்டைகளைப் பிய்த்து எறிந்து வாளை முறித்துப் போட்டார்கள். பிறகு தென்னமெரிக்கக் கரையோரம் உள்ள ‘பிசாசுத் தீவு’க்கு நாடு கடத்தினார்கள்.

உண்மையான குற்றவாளி எஸ்தரேஸி என்னும் வேறோர் அதிகாரி என்று பிறகு தெரியவந்தது. தெரிந்த பின்பும் இராணுவம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. 1898ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி எழுத்தாளர் எமில் ஸோலா, நாட்டின் அதிபருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியிட்டார். நாடு இரண்டாகப் பிளந்தது. டிரைஃபஸ் நிரபராதி என்பவர்கள் ஒரு பக்கம். இராணுவத்தின் மானம்தான் நாட்டின் மானம், ஒரு யூதருக்காக அதை விட்டுக்கொடுப்பதா என்பவர்கள் மறுபக்கம். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையில் சாப்பிட முடியவில்லை.

டி டியோன் எந்தப் பக்கம்? இராணுவத்தின் பக்கம். அவர் வகுப்பைச் சேர்ந்த பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான்.

1899ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைஃபஸின் தண்டனையை இரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் ஓத்தை திடலில் குதிரைப் பந்தயம். அதிபர் எமில் லூபே வருகிறார். அவர் மறுவிசாரணைக்கு ஆதரவானவர் என்று பேர். பந்தயம் பார்க்க வந்திருந்த பிரபுக்கள் கூட்டம் கூச்சல் போடத் தொடங்கியது. கிறிஸ்தியானி என்னும் பிரபு மேடைப்படி ஏறிப் போய்க் கைத்தடியால் அதிபரை அடித்தார். அடி தலையில் விழவில்லை. உயரமான தொப்பி நசுங்கியது. கலவரம். கைது செய்யப்பட்டவர்களில் டி டியோனும் ஒருவர். 15 நாள் சிறை, 100 ஃபிராங்க் அபராதம்.

அதிபரை அடித்தவரே டி டியோன்தான் என்று சில நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல, அடித்தவர் கிறிஸ்தியானி, அவருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. டி டியோன் அந்த ரகளையில் கலந்துகொண்டவர். கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக அடியை இவர் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். குதிரை வண்டியைச் சாலையிலிருந்து விரட்டக் கிளம்பிய மனிதர் அவர். எந்திரத்தில் நாளைய உலகத்தைப் பார்த்தவர். அரசியலில் நேற்றைய உலகத்துக்காகச் சண்டை போட்டார், அதுவும் குதிரைப் பந்தயத் திடலில்.

பச்சைத் தாளும் மஞ்சள் தாளும்

அப்போது பிரான்சில் விளையாட்டுக்கென்று ஒரு பெரிய நாளிதழ் இருந்தது. பெயர் ‘லெ வெலோ’. வெலோ என்றால் மிதிவண்டி. 1892இல் தொடங்கியது. பச்சைத் தாளில் அச்சாகும். நாளொன்றுக்கு 80,000 படிகள் விற்றதாகச் சொல்வார்கள். அதை நடத்தியவர் நான் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே பியேர் ஜிஃபார். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நெடுந்தூரச் சைக்கிளோட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பந்தயம் நடத்தினால் பத்திரிகை விற்கும் என்பதை முதலில் புரிந்துகொண்ட மனிதர்களில் ஒருவர்.

ஜிஃபார், டிரைஃபஸ் நிரபராதி என்று நம்பியவர். விளையாட்டுப் பத்திரிகை நடத்துகிறோம், நமக்கேன் வம்பு என்று அவர் இருந்திருக்கலாம். ஓத்தை திடல் சம்பவத்தை அவர் கண்டித்து எழுதினார். டி டியோனையும் விட்டுவைக்கவில்லை.

அவருடைய பத்திரிகைக்குப் படியளந்தவர்கள் யார்? சைக்கிள், கார், டயர் விளம்பரம் கொடுத்த தொழிலதிபர்கள். அவர்களில் முக்கியமானவர் டி டியோன். விளம்பரம் நின்றது. சைக்கிள் முதலாளி அடோல்ஃப் கிளெமான், டயர் முதலாளி எடுவார் மிஷ்லேன் ஆகியோரும் டி டியோனோடு சேர்ந்தார்கள். எல்லாமே கொள்கைச் சண்டை என்று நான் சொல்லமாட்டேன். ‘லெ வெலோ’வின் விளம்பரக் கட்டணம் அதிகம் என்ற குமுறல் ஏற்கெனவே அவர்களுக்கு இருந்தது. தனிக்காட்டு ராஜாவாக இருந்த ஜிஃபார் கொஞ்சம் கறாராகவும் இருந்திருக்கிறார். கொள்கைக் கோபமும் கணக்குப் புத்தகக் கோபமும் ஒன்றாகச் சேரும்போது அதற்குத் தனி வேகம் உண்டு.

விளம்பரத்தை நிறுத்தியதோடு விட்டார்களா? இல்லை. 1900ஆம் ஆண்டு ஜிஃபார் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். தொகுதி நார்மண்டியில், குதிரை வளர்க்கும் விவசாயிகள் நிறைந்த பகுதி. ஜிஃபார் அதற்கு முன்னால் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ‘குதிரையின் முடிவு’ என்று அதன் தலைப்புக்குப் பொருள். இனி எந்திரங்களின் காலம் என்று சொல்லும் புத்தகம். டி டியோன் அந்தப் புத்தகத்தைத் தொகுதி முழுக்க விநியோகம் செய்ய வைத்தார் என்று சொல்வார்கள். ‘உங்கள் குதிரைக்கு முடிவு கட்டுகிறவருக்கா ஓட்டு?’ ஜிஃபார் தோற்றுப்போனார். குதிரைக்கு உண்மையிலேயே முடிவு கட்டிக்கொண்டிருந்தவர் கார் தொழிற்சாலை நடத்திய டி டியோன்! தேர்தல் பிரசாரத்தில் எத்தனையோ தந்திரம் பார்த்திருக்கிறோம். எதிரியின் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தே எதிரியைத் தோற்கடித்ததை நான் இதில்தான் கேள்விப்படுகிறேன்.

அதே 1900ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி டி டியோனும் அவருடைய கூட்டாளிகளும் போட்டிப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ‘லோட்டோ வெலோ’. லோட்டோ என்றதும் நம் ஊர்க் குலுக்கல் எண்ணை நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சில் அது மோட்டார் வண்டியைக் குறிக்கும் சொல். ஆசிரியர் ஆன்ரி டெகிராஞ். முன்னாள் சைக்கிள் வீரர். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர். ஜிஃபாரின் தாள் பச்சை என்பதால் இவர்கள் மஞ்சள் தாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலாளிகளின் பணம் இருந்தும் பத்திரிகை விற்கவில்லை. ஜிஃபார், பெயரைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். 1903ஆம் ஆண்டு ஜனவரியில் ‘வெலோ’ என்ற சொல்லை நீக்கிவிட்டு வெறும் ‘லோட்டோ’ ஆனது. சைக்கிள் இரசிகர்கள் பெயரைப் பார்த்து வாங்கிய பத்திரிகையில் சைக்கிளே இல்லை என்றால் எப்படி? என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1902 நவம்பரில் ஜியோ லெஃபேவர் என்னும் இளம் நிருபர் சொல்லியிருந்த யோசனை கைகொடுத்தது. அவர் ‘லெ வெலோ’விலிருந்து இங்கு வந்தவர். ‘பிரான்சையே சுற்றி ஒரு பந்தயம் நடத்துவோமே!’

முதலில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. தேதியைத் தள்ளிவைத்தார்கள், நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தார்கள், படிப்பணம் தருகிறோம் என்றார்கள். 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, பாரிஸுக்கு வெளியே மோன்ஜெரோன் என்னும் இடத்தில் ஓர் உணவகத்தின் முன்னாலிருந்து 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். மண் சாலை. ஒரு கட்டம் முடிய இரவும் பகலும் ஓட்டவேண்டும். கியர் கிடையாது. பழுதானால் தானே சரி செய்துகொள்ளவேண்டும். முடித்தவர்கள் 21 பேர். வென்றவர் மோரிஸ் கரேன். சிறுவயதில் புகைபோக்கி துடைக்கும் வேலை பார்த்தவர். இரண்டாவதாக வந்தவரைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் முந்தி வந்தார்.

‘லோட்டோ’வின் விற்பனை சில வாரங்களில் இரட்டிப்புக்கு மேல் போனது. அடுத்த ஆண்டு, 1904இல், ‘லெ வெலோ’ மூடப்பட்டது.

1919ஆம் ஆண்டு ஜூலையில் முன்னணி வீரரைக் கூட்டத்தில் எளிதாக அடையாளம் காணவேண்டும் என்று ஒரு தனிச் சட்டை கொடுக்கப்பட்டது. முதலில் அணிந்தவர் எஜேன் கிறிஸ்டோஃப். நிறம், பத்திரிகைத் தாளின் நிறமான மஞ்சள். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான்.

நான் அடித்துவிட்ட ஒரு கேள்வி

டிப்ளோமா படித்த காலத்தில் ஊடகத்துக்கு யார் எஜமான் என்று ஒரு பாடம் இருந்தது. அரசாங்கம், முதலாளி, விளம்பரதாரர், வாசகர் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. பிறகு வேலைக்கு வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நேர்காணலுக்காக ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் மாலை, தயாரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, ஏழாவது கேள்வி வேண்டாமே என்றார். காரணம் கேட்டேன். நிகழ்ச்சிக்கு ஆதரவு கொடுப்பவர்களுக்குப் பிடிக்காது என்றார். யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை; ‘வேண்டாமே’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு எட்டுக் கேள்விகளோடு ஒளிப்பதிவுக்குப் போனேன். நிகழ்ச்சி நன்றாக வந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள். கேட்காத கேள்வி பார்வையாளருக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஜிஃபாரின் கதையைப் படிக்கும்போது எனக்கு அவரைப் பாராட்டத் தோன்றுவதற்கு முன்னால் கூச்சமாக இருந்தது. அவருக்கும் யாராவது வந்து ‘வேண்டாமே’ என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வரியை அடித்திருந்தால் 80,000 படிகளும் பிழைத்திருக்கும். அவர் நிலைமையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். ஏற்கெனவே செய்து காட்டிவிட்டேனே.

டி டியோனை வில்லனாக நிறுத்திவிட்டால் கதை எளிதாகிவிடும். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. தம் பணத்தைத் தமக்குப் பிடிக்காத பத்திரிகைக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேர் ஒரு கடையைப் புறக்கணித்திருக்கிறோம்! இங்கே வேறுபாடு ஒன்றுதான்: நாம் கடையை மாற்றினால் கடைக்காரருக்கு ஒரு ரொட்டி விற்காமல் போகும். ஒரு தொழிலின் பெரிய முதலாளிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் கையை எடுத்தால் ஒரு பத்திரிகையே படுத்துவிடும். ஒருவரை நிரபராதி என்று சொன்னவரின் வாயை அடைப்பதற்கு இந்தப் பலம் பயன்பட்டது என்பதுதான் எனக்கு நெருடுகிறது. சட்டப்படி அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

டி டியோன் 1902இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1923 வரை கீழவையிலும் அதன்பின் மேலவையிலும் இருந்தார். 1907இல் பெய்ஜிங்கிலிருந்து பாரிஸ் வரை காரில் ஓடிய பந்தயத்துக்கு அவருடைய நிறுவனத்தின் இரண்டு கார்கள் போயின. வெல்லவில்லை, ஆனால் வந்து சேர்ந்தன. கார் தொழில் மெல்ல மங்கியது. அவருடைய எந்திரத்தை வாங்கித் தொடங்கிய ரெனோ வளர்ந்தது, அவர் நிறுவனம் 1930களில் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

டிரைஃபஸுக்கு 1899இல் நடந்த மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. தொப்பி நசுங்கிய அதே அதிபர் லூபே அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தது 1906ஆம் ஆண்டு ஜூலையில். எந்த இராணுவப் பள்ளியில் அவமானப்படுத்தினார்களோ அதே இராணுவப் பள்ளியில் வைத்து அவருக்கு விருது கொடுத்தார்கள்.

‘லோட்டோ’ இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆட்சியின்போதும் தொடர்ந்து வெளிவந்தது. அதனால் 1944இல் பாரிஸ் விடுதலையானதும் அதை மூடிவிட்டார்கள். 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் இடத்தில் ‘லெக்கிப்’ என்னும் புதிய விளையாட்டுப் பத்திரிகை பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி டி டியோன் தம் 90ஆவது வயதில் காலமானார். ஜிஃபார் 1922இலேயே போய்விட்டார். பத்திரிகை மூடிய பிறகு பிழைப்புக்கு எழுதியாகவேண்டிய நிலை. பின்னாளில் அவர் எழுதிய பத்திரிகைகளில் ஒன்று, தம்மை வீழ்த்திய அதே ‘லோட்டோ’. டெகிராஞ் அவருக்கு இடம் கொடுத்தார். அந்த மஞ்சள் தாளில் தம் பெயரைப் பார்த்த முதல் நாள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பதுண்டு.

ஒளிப்பதிவுக்கு முன் இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, நீங்கள் இப்படிச் சொன்னால் இனி டூர் டி பிரான்ஸ் பார்க்கவே கூடாதா?” பாருங்கள் தம்பி. நானும் பார்க்கிறேன். அந்த மலைச் சாலைகளில் கால் கடுக்க மிதிக்கிற பிள்ளைகள் டிரைஃபஸை யாரென்று கேட்பார்கள். அவர்கள் வியர்வையில் எந்தச் சூதும் இல்லை.

அவரே இன்னொன்றும் கேட்டார்: அதில் பச்சைச் சட்டையும் கொடுக்கிறார்களே, அது ஜிஃபாரின் பச்சைத் தாளின் நினைவாகவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, ஆசையாகவும் இருந்தது. தேடிப் பார்த்தேன். 1953இல் வந்தது அந்தச் சட்டை. அந்தப் பச்சை, அதற்கு அப்போது ஆதரவு கொடுத்த நிறுவனத்துக்காகத் தேர்ந்தெடுத்த நிறமாம்.